இந்தப் புண் எத்தனை நாளாக இருக்கிறது?

எனக்கு வாய்ப்புண் வராத மாதம் கிடையாது. கீழுதட்டின் உட்புறத்திலோ, கன்னத்துக்குள்ளோ, நாக்கின் அடியிலோ ஒன்று கிளம்பிவிடும். உளுத்தம்பருப்பு அளவுகூட இருக்காது. ஆனால் அது இருக்கும் வரை இட்லிக்குச் சட்னி கிடையாது, யாரோடும் சண்டை போட வாய் கிடையாது. வீட்டில் நான், அப்பா, அம்மா மூன்று பேர்தான். இந்த இரண்டாவது காரணத்துக்காக மற்ற இருவரும் அந்தப் புண்ணை மனமார வரவேற்பார்கள்.

கோரமண்டல் ஸ்டேஷனில் விடியற்காலை ரயில் ஏறி, பெங்களூர் ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவள் நான். முதல் ஸ்டேஷனான மாரிகுப்பத்திலேயே ஏறி எங்களுக்கும் இடம் பிடித்து வைக்கும் பெண்கள் கூட்டம் ஒன்று உண்டு. நான் பேசாமல் வந்து உட்கார்ந்தால் அவர்களுக்கு விஷயம் தெரிந்துவிடும். பங்காரப்பேட்டை வருவதற்குள் வைத்தியம் ஆரம்பமாகும். ஒருத்தி மணத்தக்காளிக் கீரை என்பாள், இன்னொருத்தி தேங்காய்ப்பால் என்பாள், மூன்றாமவள் கைப்பையிலிருந்து பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை அட்டையை எடுத்து ஒன்றைக் கிழித்துக் கொடுப்பாள். வைத்தியம்தான் வேறு வேறு, காரணம் எல்லோருக்கும் ஒன்றுதான். சூடு. கோழிக்கறி சூடு, மாம்பழம் சூடு, தூங்காவிட்டால் சூடு, நாளெல்லாம் ஏசி ஆபீசில் உட்கார்ந்திருந்தாலும் சூடு. ஏசியில் எப்படிச் சூடு பிடிக்கும் என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன். அது உள்சூடு என்றார்கள். இந்த மாதிரி பதில் கிடைத்தால் அப்புறம் எனக்கு வேறு எதிலும் மனம் போகாது.

அந்த வாரம் கண்ணாடி முன்னால் நின்று, உதட்டை மடித்துப் பிடித்துக்கொண்டு, செல்போன் விளக்கை அடித்துப் பார்த்தேன். வருஷக் கணக்காகத் திட்டிக்கொண்டிருந்த ஒன்றை அன்றுதான் முகம் பார்த்தேன். வட்டமாக, நடுவில் வெளிர் மஞ்சளாக, சுற்றிலும் சிவப்பாக ஒரு கரையோடு இருந்தது. அது ஆறிப் போய் அடுத்தது வந்தபோதும் விளக்கை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். இடம் வேறு, ஆனால் அதே வட்டம், அதே சிவப்புக் கரை. உடம்பில் வருகிற வேறு எந்தச் சிரங்கும் கொப்புளமும் இத்தனை ஒழுங்காக வருவதில்லை. இது ஏன் உதட்டுக்குள் வருகிறது, ஈறில் ஏன் வருவதில்லை? யாரும் ஒன்றும் செய்யாமலே பத்து நாளில் ஏன் போய்விடுகிறது? அம்மாவிடம் கேட்டேன். வருவதைப் பற்றி அழுவார்கள், போவதைப் பற்றிக்கூடவா அழுவார்கள் என்றாள்.

ராபர்ட்சன்பேட்டையில் ஒரு பல் டாக்டர் புதிதாக க்ளினிக் திறந்திருந்தார். தெலுங்குக்காரப் பெண், முப்பது வயது இருக்கும், தமிழும் கடகடவென்று பேசுவார். ஒரு சனிக்கிழமை போய் உட்கார்ந்தேன். களிம்பு எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவரோ கேள்வி கேட்க ஆரம்பித்தார். ஒரே சமயத்தில் எத்தனை வரும்? எப்போதும் ஒரே இடமா, இடம் மாறுமா? வருவதற்கு முன் காய்ச்சல் அடிக்குமா? எத்தனை நாளில் ஆறும்? ஆறின இடத்தில் தழும்பு நிற்குமா? இதுவரை சரி. அதற்கப்புறம், கண் சிவந்து வலிப்பது உண்டா என்றார். மூட்டு வீங்குமா, அடிக்கடி வயிற்றுப்போக்கு உண்டா, எடை குறைந்ததா, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றார். கடைசியில் குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, கீழேயும் புண் வருமா என்றார். வாய்க்கு மருந்து கேட்டு வந்தவளை உள்ளங்கால் வரைக்கும் விசாரிக்கிறாரே என்று எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. ஆனால் கூச்சத்தைவிட ஏன் என்கிற நமைச்சல் பெரிதாக இருந்தது. கேட்டுவிட்டேன்.

கேட்டதில் அவருக்குச் சந்தோஷம்தான். கையுறையைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார். பெரும்பாலான வாய்ப்புண்ணுக்கு வேரும் கிடையாது, உறவும் கிடையாது. தானாக வரும், தானாகப் போகும். கன்னத்தைக் கடித்துக்கொண்டாலோ, மனசு சரியில்லாமல் போனாலோ, மாதவிலக்குச் சமயத்திலோ வரும். சிலருக்கு நுரை தள்ளுகிற பற்பசை ஒத்துக்கொள்ளாது. ஆனால் கொஞ்சம் பேருக்கு அது வேறெங்கோ நடப்பதன் அடையாளம். குடல் சாப்பாட்டிலிருந்து சத்தை வாங்காவிட்டால் வாயில் தெரியும். ரத்தத்தில் குறை இருந்தால் வாயில் தெரியும். கண்ணிலும் வாயிலும் கீழேயும் ஒன்றாகப் புண் வருகிற நோய் ஒன்று உண்டு, அதனால்தான் அதையும் கேட்டாராம். ஏதாவது ஒரு மாத்திரையால்கூட வரலாம். ஆகவே முதலில் கேட்க வேண்டும், அப்புறம் பார்க்க வேண்டும், அதற்கும் அப்புறம்தான் மருந்து என்றார்.

பார்ப்பது என்றால் அதுவும் லேசான காரியமில்லை. உதட்டைப் புரட்டினார், இரண்டு கன்னத்தையும் விலக்கினார், மேலண்ணத்தைப் பார்த்தார். நாக்கு நுனியைப் பஞ்சுத் துணியால் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்து ஓரங்களைப் பார்த்தார். தாடைக்குக் கீழே கழுத்தை விரலால் தடவி நெறி கட்டியிருக்கிறதா என்று தேடினார். எனக்கு வருவது சாதாரணப் புண்தான் என்றார். ஆனால் அடிக்கடி வருவதால் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். இரும்புச்சத்தும் பி-12ம் பாதாளத்தில் இருந்தன. என் உள்சூட்டுக்கு இரும்புச்சத்துக் குறைவு என்று பெயர் என்பதை ரயிலில் போய்ச் சொன்னேன். இரும்பும் சூடுதானே என்றார்கள்.

அன்று க்ளினிக்கிலிருந்து கிளம்பும்போது டாக்டர் ஒன்று சொன்னார். "வந்துட்டு போற புண்ணுக்கு பயப்படாதீங்க. வந்து உக்காந்துகினு போகாம இருக்கு பாருங்க, அதத்தான் பாக்கணும். மூணு வாரம் தாண்டிச்சுன்னா, வலி இருந்தாலும் இல்லன்னாலும் வந்து காட்டிடணும்."

இது மனதில் பசை போட்டு ஒட்டிக்கொண்டது. வீட்டுக்கு வந்ததும் அம்மாவை வாசல் வெளிச்சத்துக்கு இழுத்து வந்து வாயைத் திறக்கச் சொன்னேன். பைத்தியத்தோடு வாதாடுவதைவிடத் திறந்து காட்டிவிடுவது மேல் என்று காட்டிவிட்டாள். அப்பா மட்டும் முடியாது என்றுவிட்டார். "நான் இன்னா குதிரையா, பல்ல புடிச்சி பாக்கறதுக்கு?"

அப்பா நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் பாறையில் துளை போடுகிற மெஷினைப் பிடித்தவர். சுரங்கம் மூடும் வரை கேஜ் என்கிற கூண்டில் இறங்கி ஏறிக்கொண்டிருந்தார். கீழே பீடி பிடிக்க வசதிப்படாது என்பதால் அந்தக் காலத்து ஆட்கள் பலரைப் போல அவரும் புகையிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொள்வார். சுரங்கத்தோடு அதையும் விட்டுவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்களும் நம்பிக்கொண்டிருந்தோம்.

அவர் வாயை நான் கடைசியில் பார்த்தது கோயிலில். ஈஸ்டர் முடிந்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் சபையில் குடும்பமாகச் சேர்ந்து உட்காரலாம். அன்று திருவிருந்து. எனக்கு உதட்டில் ஒன்று கிளம்பியிருந்தது. பாத்திரத்திலிருந்து ஒரு மிடறு திராட்சரசம் வாங்கியதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்குப் பக்தி முற்றிவிட்டதாகப் பின் வரிசையில் நினைத்திருப்பார்கள். திரும்பி வந்து உட்கார்ந்தோம். பிரசங்கம் ஏற்கெனவே நீளமாக நடந்திருந்தது, அறிவிப்புகளும் நீண்டன. அப்பா கொட்டாவி விட்டார். கையால் மூடுகிற பழக்கம் அவருக்கு எப்போதும் இல்லை. ஜன்னல் வெயில் நேராக அவர் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. இடது பக்க நாக்கோரத்தில், வெள்ளையும் சிவப்புமாக ஒன்றைப் பார்த்தேன். கொட்டாவி முடிந்து வாய் மூடிவிட்டது. நான் மறுபடி கொட்டாவி வராதா என்று ஆராதனை முடியும் வரை அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். உடைந்த பல் ஒன்று குத்துகிறது, அவ்வளவுதான் என்றார். வலிக்கிறதா என்றேன். "வலியே இல்ல. வலியில்லாததுக்கு இன்னாத்துக்கு டாக்டரு?" என்றார். அன்று மத்தியானம் எலுமிச்சை ஊறுகாயை அதே பக்கமாக ஒதுக்கி நிதானமாகச் சாப்பிட்டார். நான் தயிர்சாதத்தையே கண்ணை மூடிக்கொண்டு விழுங்கிக்கொண்டிருந்தேன். உளுத்தம்பருப்பு அளவுப் புண் என்னை அழ வைக்கிறது, அவருடையது அதைப் போல நாலு மடங்கு இருக்கிறது, ஒன்றும் செய்யவில்லை. இது என்ன நியாயம் என்று யோசிக்க ஆரம்பித்தவளுக்கு, டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது.

ஒரு வாரம் நச்சரித்தேன். பல்லை ராவிக்கொண்டு வந்துவிடலாம், புண்ணைப் பற்றிப் பேச்சே எடுக்க மாட்டேன் என்று சொன்னபிறகு சனிக்கிழமை ஸ்கூட்டரில் ஏறினார். கோயிலுக்குப் போடுகிற சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை. பேச்சை நான் எடுக்க வேண்டியிருக்கவில்லை. டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னவுடனே பல்லை விட்டுவிட்டு நாக்கைப் பிடித்துக்கொண்டார். எவ்வளவு நாளாக இருக்கிறது என்று கேட்டார்.

"ஒரு நாலு நாளா கீது, டாக்டர்."

புகையிலை பற்றிக் கேட்டதற்கு, அதெல்லாம் மைனோடு போயிற்று என்றார். டாக்டர் நாக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு என்னையும் எட்டிப் பார்க்கச் சொன்னார். என் ஆர்வம் அவருக்குத் தெரியும். அது என்னுடையதைப் போலவே இல்லை. வட்டம் கிடையாது, சிவப்புக் கரை கிடையாது. விளிம்பு கொஞ்சம் மேடாக, ஒரு பக்கம் வெள்ளை படிந்து இருந்தது. டாக்டர் விரலால் விளிம்பை அழுத்தினார். அப்பா முகத்தைச் சுளிக்கக்கூட இல்லை. அப்புறம் கழுத்தை இரண்டு பக்கமும் நெடுநேரம் தடவிப் பார்த்தார். உடைந்த பல்லின் கூரை ராவி மழுக்கினார். பல் உரசி வந்த புண்ணாக இருக்கலாம், உரசல் நின்றுவிட்டதால் இனி ஆற வேண்டும், இரண்டு வாரம் கழித்து வாருங்கள், அப்போதும் இருந்தால் கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்றார். நாங்கள் எழுந்திருக்கும்போது, நாலு நாள்தானே, ஓரம் கெட்டியாக இருக்கிறது, அதனால்தான் கேட்கிறேன் என்று இன்னொரு தரம் கேட்டார். அப்பா ஆமாம் என்று தலையாட்டினார்.

வெளியே வந்து ஸ்டாண்டை எடுக்கும்போதுதான் கணக்கு உதைத்தது. போன ஞாயிற்றுக்கிழமையே நான் பார்த்துவிட்ட புண்ணுக்கு இந்தச் சனிக்கிழமை எப்படி நாலு நாள் வயசாகும்? ஸ்டாண்டை மறுபடி போட்டுவிட்டுக் கேட்டேன். அப்பா சிரித்தார்.

"டாக்டருங்ககிட்ட யாராச்சும் உள்ளத சொல்வாங்களாம்மா?"

வெயிலில் நின்றுகொண்டு அவர் சொன்னதை நான் வாயைப் பிளந்து கேட்டேன். சுரங்கத்தில் வேலை செய்கிற காலத்தில் டாக்டரைப் பார்க்கப் போகிற ஆட்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதே நாளைப் பேசி வைத்துக்கொள்வார்களாம். காய்ச்சல் என்றால் நேற்றிலிருந்து. முதுகுவலி என்றால் இன்று காலையிலிருந்து. இருமல் என்றால் போன ஷிஃப்டில் தண்ணீரில் நனைந்ததால் நாலு நாளாக. அதற்கு மேல் வாயைத் திறக்கக் கூடாது. ஒரு மாதம், இரண்டு மாதம் என்று உண்மையைச் சொன்னால் 'அன்ஃபிட்' என்று எழுதி மேலே உட்கார வைத்துவிடுவார்கள் என்று பயம். மேலே வேலை என்றால் சம்பளமும் குறையும், கூட வேலை செய்தவர்கள் கீழே போக இவர் மட்டும் மேலே நிற்க வேண்டும். நாலு நாள் என்றால் மாத்திரையோடு போகும். ஆக, அந்த பெஞ்சில் உட்கார்ந்த ஒருவருக்கும் நாலு நாளுக்கு மேல் எந்த வியாதியும் இருந்ததே இல்லை.

அது தப்பில்லையா என்று கேட்டேன். அதற்கு அவரிடம் பதில் தயாராக இருந்தது. "டாக்டருக்கு தெரியாதா இன்னா? நாம சொல்றது கம்மின்னு தெரியும். அவங்களே கூட்டி போட்டுக்குவாங்க."

எனக்குக் கோபம் வந்ததா, சிரிப்பு வந்ததா என்று இப்போதுகூடப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இவர்கள் குறைத்துச் சொல்வதும் அவர்கள் கூட்டிப் போட்டுக்கொள்வதுமாக ஓர் ஊரே நடந்திருக்கிறது; அந்த ஏற்பாட்டை நம்பி இவர் இன்னும் நாள் சொல்லிக்கொண்டிருக்கிறார். சுரங்கம் மூடினபோது இந்த டாக்டர் பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு திரிந்திருப்பார். அவருக்கு இந்தக் கூட்டல் எப்படித் தெரியும்? நாலு என்றால் நாலு என்றுதான் எழுதிக்கொள்வார். அதை வைத்துத்தான் இரண்டு வாரம் பொறுக்கலாம் என்று சொல்லியிருக்கிறார். எத்தனை நாள் என்கிற அந்த ஒரு கேள்வியில்தான் எல்லாமே நிற்கிறது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

உண்மையில் எத்தனை நாள் என்று கேட்டேன். நினைவில்லை என்றார். அங்கேயே நின்று அம்மாவுக்குப் போன் போட்டேன். அம்மாவுக்கு யோசிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. கிறிஸ்துமஸ் முறுக்கைக் கடித்து நாக்கைக் கிழித்துக்கொண்டார், அதிலிருந்து அந்தப் பக்கம் கெட்டியாக எதையும் மெல்லுவதில்லை என்றாள். கிறிஸ்துமஸ் போய், லெந்து நோன்பு நாட்கள் போய், ஈஸ்டரும் போயிருந்தது. போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அப்பா எதிர்க்கடையில் தொங்கிய வாழைத்தாரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப உங்கள யாரு அன்ஃபிட்னு எழுதப்போறாங்க, டாடி?" என்று கேட்டேன். அவர் உள்ளே வர மாட்டேன் என்றார்.

நான் மட்டும் திரும்பிப் போனேன். நாற்காலியில் வேறு ஒருவர் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தார். அவர் தலைக்கு மேலாகவே சொன்னேன், நாலு நாள் இல்லை, நாலு மாதம் என்று. டாக்டர் கருவியைக் கீழே வைத்தார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. விரலுக்குப் பட்டது ஒன்று, காதுக்குக் கேட்டது ஒன்றாக இருந்தது, இப்போது இரண்டும் சேர்ந்துவிட்டது என்றார். இனிமேல் காத்திருப்பதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லி, பெங்களூரில் ஒரு பல் மருத்துவக் கல்லூரிக்கு அப்போதே எழுதிக் கொடுத்தார்.

அங்கே நாக்கை மரக்கவைத்து, புண்ணின் ஓரத்திலிருந்து துளி சதை எடுத்து, ஒரு தையல் போட்டு அனுப்பினார்கள். நடுவிலிருந்து எடுக்காமல் ஏன் ஓரத்திலிருந்து எடுக்கிறீர்கள் என்று நான் கேட்டேன். நடுவில் செத்த சதைதான் இருக்கும், நல்லதும் கெட்டதும் சந்திக்கிற இடம் ஓரம்தான், அங்கேதான் எது என்று தெரியும் என்றார் எடுத்தவர். முடிவு வருகிற வரை நான் சரியாகச் சாப்பிடவும் இல்லை, தூங்கவும் இல்லை. அந்த மாதம் எனக்கு மூன்று புண் ஒன்றாக வந்தது. ரயிலில் யாரும் சூடு என்று சொல்லவில்லை. ஆளுக்கொரு இட்லியை மட்டும் என் டப்பாவில் வைத்தார்கள்.

புற்றுநோய்தான். ஆனால் ஆரம்பம். கழுத்துக்கு இறங்கியிருப்பதாகத் தெரியவில்லை, அந்த இடத்தை வெட்டி எடுத்துவிடலாம் என்றார்கள். அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, சரி என்றார். வெளியே வந்து மரத்தடியில் நின்று சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு பொட்டலத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். புகையிலை. கல்லூரிக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

அறுவைக்கு முன் மயக்க மருந்து கொடுக்கிற டாக்டரைப் பார்த்து ஃபிட்னெஸ் சான்று வாங்கி வர வேண்டும் என்றார்கள். அந்த வார்த்தையைக் கேட்டதும் அப்பாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். அந்த டாக்டரைப் பார்க்கப் போன நாள் காலை ரயிலில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒயிட்ஃபீல்டு தாண்டும் வரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். அப்புறம், அன்ஃபிட் என்று எழுதிவிட்டால் ஆபரேஷன் செய்ய மாட்டார்களா என்று கேட்டார். வேறு விதமாகச் செய்வார்கள், தெரியாமல் செய்தால்தான் ஆபத்து என்றேன். எனக்குத் தெரிந்து சொன்னேனா, பயத்தில் சொன்னேனா என்று எனக்கே தெரியவில்லை. அவர் உதடு லேசாக அசைந்துகொண்டிருந்தது. அந்தக் காலத்து பெஞ்சில் செய்தது போல நாள் பேசி வைத்துக்கொள்கிறாரோ என்று சந்தேகப்பட்டேன். இந்த முறை ஓடிப்போய்ச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அவர் என்ன மறைத்தாலும் அது எனக்கும் தெரியாததாகத்தான் இருக்கும்.

மயக்க டாக்டர் ஹூப்ளிப் பக்கத்துக்காரர், தமிழ் தெரியாது. கன்னடத்தில் கேட்டார், அப்பா கன்னடத்தில் பதில் சொன்னார். சர்க்கரை இல்லை. ரத்த அழுத்தம் உண்டு, மாத்திரை உண்டு. நெஞ்சுவலி வந்ததில்லை. மாடி ஏறினால் மூச்சு வாங்குமா என்று அவர் கேட்டபோது அப்பா நிறுத்தினார். அவர் என் முகத்தைப் பார்த்துவிடக் கூடாது என்று நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். பதில் தமிழில் வந்தது.

"வாங்குது, டாக்டர். இன்னிக்கி நேத்து இல்ல. மைன் மூடறதுக்கு முன்னாடியிலேர்ந்தே கீது. யார்கிட்டயும் சொல்லல. ஸ்டேஷன்லேர்ந்து ஊட்டுக்கு ஒரே மூச்சில போவ முடியாது. நின்னு நின்னுதான் போறேன்."

டாக்டர் என்னைப் பார்த்தார், என்ன சொல்கிறார் என்று. நான் கன்னடத்தில் சொல்ல வேண்டியிருந்தது. இத்தனை வருஷமாக ஒரே வீட்டில் இருந்து எனக்குத் தெரியாத ஒன்றை, முதல் முறை கேட்ட மறு நிமிஷமே நானே வேறொருவருக்குச் சொல்ல வேண்டியதாயிற்று. எத்தனை வருஷம் என்ற இடத்தில் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தேன். டாக்டர் என் கணக்கை எதிர்பார்க்காமல், பேனாவை வைத்துவிட்டு எழுந்து வந்து அப்பாவின் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார்.

நெஞ்சைப் படம் எடுத்தார்கள், நுரையீரல் டாக்டரைக் கூப்பிட்டார்கள், பாறைத் தூசி நுரையீரலில் படிந்திருக்கிறது என்றார்கள். முழு மயக்கம் வேண்டாம், நாக்கை மட்டும் மரக்கவைத்துச் செய்யலாம் என்று திட்டத்தை மாற்றினார்கள். அன்ஃபிட் என்று யாரும் எழுதவில்லை. அப்படியே செய்தார்கள், நல்லபடியாக முடிந்தது. நாக்கு இடது பக்கம் கொஞ்சம் சிறுத்துவிட்டது, 'ர' வருகிற இடங்களில் தடுமாறுகிறார். சொன்ன தேதிக்கெல்லாம் கூட்டிக்கொண்டு போகிறேன், ஒவ்வொரு தரமும் நாக்கை இழுத்துப் பார்க்கிறார்கள், கழுத்தைத் தடவுகிறார்கள், போகச் சொல்கிறார்கள். மூச்சுக்கு இரண்டு வேளை மருந்து இழுக்கிறார். எனக்கு இப்போதும் புண் வருகிறது, ஆனால் மாதம் தவறாமல் இல்லை.

மயக்க டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த அன்று சாயங்காலம் கோரமண்டலில் இறங்கி நடந்தோம். ஸ்டேஷனிலிருந்து, சுரங்க ஆட்களுக்குக் கட்டிய எங்கள் லைன் வீடுகளுக்கு லேசான ஏற்றம். எங்கள் லைனில் அப்பாவைப் போல் மனுஷரை விசாரிக்கிற ஆள் கிடையாது என்று பெயர். ஒவ்வொரு வாசலிலும் நின்று, மகனுக்கு வேலை கிடைத்ததா, மருமகள் ஊரிலிருந்து வந்தாளா, குழாயில் தண்ணீர் வந்ததா என்று ஒன்று விடாமல் கேட்டுவிட்டுத்தான் நகர்வார். கூட நடக்கிறவர்களுக்கு எரிச்சலாக இருக்கும். அன்றும் முதல் வாசலில் நின்று விசாரித்தார். அடுத்த வாசலில் நின்று விசாரித்தார். அதற்கு அடுத்த வீடு பூட்டியிருந்தது. அப்பா அங்கேயும் நின்றார். யாரையும் கூப்பிடவில்லை. நான் பார்க்கிறேன் என்று தெரிந்தே, சுவரில் கையை ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்கினார். நானும் பக்கத்தில் நின்றேன்.